மழை விட்ட பிறகு வரும் காய்ச்சல்

ஐப்பசி மாதத்தில் விருத்தாசலம் போயிருக்கிறீர்களா? பீங்கான் பட்டறைக்காரர்களைப் பார்த்தால் பரிதாபமாக இருக்கும். அச்சிலிருந்து எடுத்த பொம்மைகள் ஈரம் வற்றாமல் பலகையில் அப்படியே உட்கார்ந்திருக்கும். ஈரத்தோடு சூளையில் வைத்தால் வெடித்துவிடுமே! ஊரைத் தாண்டி வயல்பக்கம் போனால் கதையே வேறு. எங்கும் தண்ணீர், நடவு மும்முரம், குடியானவர் முகத்தில் சிரிப்பு.

அந்தத் தண்ணீரில் இன்னொரு சாகுபடியும் நடக்கிறது. கொசுச் சாகுபடி!

“மழைக்காலத்தில் பிள்ளைகளுக்குக் காய்ச்சல் வருவது புதிதா?” என்கிறீர்களா? நான் சளிக் காய்ச்சலைச் சொல்லவில்லை. ஜப்பானிய மூளைக் காய்ச்சலைச் சொல்கிறேன். பெயர்தான் ஜப்பான். நம் தேசத்தில் இந்த நோயாளிகளை முதன்முதலில் இனம் கண்டது 1955-ல், நம் வேலூர்ப் பக்கத்தில். பிற்பாடு தென் ஆற்காடு ஜில்லாவின் கிராமங்களையும் இது விடவில்லை. மதுரையில் இருந்த மருத்துவப் பூச்சியியல் ஆராய்ச்சி மையம், இதற்காக விருத்தாசலத்திலேயே ஒரு நிலையம் வைத்துக்கொண்டு ஆராய்ந்தது. அந்தி மயங்கியதும் மாட்டுக் கொட்டகை ஓரமாக டார்ச் விளக்கும் கையுமாகக் கொசு பிடிப்பது அங்கே உத்தியோகம்!

மாட்டுக் கொட்டகை ஏன்? இந்தக் கொசுவுக்கு மாட்டு ரத்தம்தான் விருந்து. மனிதன் கிடைத்தால் பலகாரம். மாட்டின் உடம்பில் கிருமி பெருகுவதில்லை. அதனால் மாடு ஒரு வகையில் நமக்குக் காவல். கிருமி பெருகுவது பன்றியிடத்திலும், வயலில் மீன் கொத்த வரும் கொக்கு, மடையானிடத்திலும். அவற்றைக் கடித்த கொசு பிறகு குழந்தையைக் கடிக்கிறது.

இதில் பருவத்தின் பங்கைப் பாருங்கள். நட்ட புதிதில் பயிர் குட்டை, வெயில் படும் தண்ணீர் நிறைய. பத்து நாளில் முட்டை கொசுவாகிவிடும். கொசுவின் வயிற்றில் புகுந்த கிருமி எச்சிலுக்கு வந்து சேரச் சில நாட்கள் பிடிக்கும். வெதுவெதுப்பு அதைத் துரிதப்படுத்தும், குளிர் தாமதப்படுத்தும். நம் ஊர் ஐப்பசி, கார்த்திகை அப்படி ஒன்றும் குளிர் அல்லவே! ஆகவே மழை கொட்டும் நாளைவிட, மழை விட்டு வயல் பச்சை கட்டும் வாரங்களில்தான் கவலை அதிகம். வடக்கே கோரக்பூரில் தென்மேற்குப் பருவமழை. அங்கே ஆவணி, புரட்டாசியிலேயே ஆரம்பித்துவிடும். வானம் பொய்த்தாலும் ஏரி, கிணற்றுப் பாசனத்தில் வயல் நிரம்பினால் கொசுவுக்குக் குறைவில்லை. மேகத்தை மட்டும் பார்த்து ஆரூடம் சொல்ல முடியாது.

கிருமி தொற்றிய சுமார் 250 பேரில் ஒருவருக்குத்தான் நோய் கடுமையாகிறது. ஊரே சௌக்கியமாக இருக்க, ஒரு வீட்டில் மட்டும் குழந்தை ஜுர வேகத்தில் பிதற்றும், வலிப்பு வரும். அதனால்தான் ‘காற்று, கறுப்பு’ என்று வேப்பிலை அடித்துப் பொழுதைப் போக்கினார்கள். கடுமையானவர்களில் பத்துக்கு மூவர் வரை இறப்பதுண்டு. பிழைத்தவர்களிலும் பலருக்குக் கை கால் முடக்கமோ, புத்தி மந்தமோ தங்கிவிடும். கிருமியைக் கொல்லும் மருந்து இல்லை. ஜுரத்தோடு வலிப்போ, நினைவு தடுமாற்றமோ கண்டால் அந்த நிமிஷமே ஆஸ்பத்திரிக்குப் புறப்படுங்கள். மூச்சையும் வலிப்பையும் அங்கேதான் கவனிக்க முடியும்.

வயலைச் சில நாட்கள் காயவிட்டு மறுபடி நீர் பாய்ச்சினால் கொசுப்புழு செத்துப்போகும். வேப்பம் புண்ணாக்கு இட்டாலும் குறையும். இரண்டையும் நம் தமிழ்நாட்டு வயல்களிலேயே சோதித்திருக்கிறார்கள். ஆனால் பக்கத்து வயல்காரரும் செய்ய வேண்டுமே!

தடுப்பூசிக்கு அந்தத் தொல்லை இல்லை. கடலூர் போன்ற, இந்நோய் உள்ள ஜில்லாக்களில் ஒன்பது மாதம் முடிந்ததும் ஒன்று, பதினாறிலிருந்து இருபத்துநான்கு மாதத்துக்குள் இன்னொன்று, சர்க்காரே இலவசமாகப் போடுகிறது. முதல் ஊசியோடு நின்றுபோன குழந்தை உங்கள் வீட்டில் இருக்கிறதா? தடுப்பூசி அட்டையை இன்றைக்கே எடுத்துப் பாருங்கள், நடவு தொடங்கிய பிறகு தேட வேண்டாம்.