ஸ்டோரும் லயமும்

வத்தேகமவிலிருந்து கண்டிக்குப் பஸ் ஏறி, அங்கிருந்து ஹந்தானை மலைக்கு ஓட்டோ பிடித்தால், 1925இல் கட்டிய நாலு தட்டுத் தேயிலை ஸ்டோர் ஒன்று தெரியும். வேலை நின்ற பிறகு பல வருடம் பாழடைந்து கிடந்த கட்டடம் அது. 2001இல் இலங்கைத் தேயிலை அருங்காட்சியகமாகத் திறந்தார்கள். கொழுந்து அரைத்த ரோலர்களும் பழைய எஞ்சின்களும் துடைத்து வைக்கப்பட்டிருக்கின்றன. 1867இல் லூல்கந்துரவில் 19 ஏக்கரில் தேயிலை நட்ட ஜேம்ஸ் டெய்லரின் பொருட்களும் உண்டு. உச்சித் தட்டில் உட்கார்ந்து தேத்தண்ணி குடிக்கலாம். இடிந்துபோக வேண்டிய கட்டடத்தை இப்படி எழுப்பியதை மனதாரப் பாராட்டுகிறேன்.

ஆனால் ஸ்டோர் மட்டுமா தோட்டம்? கூடையில் வந்த கொழுந்தைக் கிள்ளியவர்கள் குடியிருந்தது லயத்தில். பத்தடிக்குப் பன்னிரண்டடிக் காம்பரா, முன்னால் ஒரு இஸ்தோப்பு, ஒரு சுவருக்கு அப்பால் அடுத்த குடும்பம். பிள்ளைப்பேறும் சாவும் அதற்குள்தான். அந்த லயத்தையும் காப்பாற்றி வைத்த இடம் ஒன்று இருக்கிறது. கம்பளைக்கு அருகே, ஓல்ட் பீகொக் தோட்டத்தில், சமூக அபிவிருத்தி நிறுவனம் பழைய லயக் காம்பராக்களிலேயே 2007இல் தோட்டத் தொழிலாளர் அருங்காட்சியகத்தைத் தொடங்கியது. அவர்கள் புழங்கிய சாமான்களும் அவர்களைப் பற்றிய ஆவணங்களும் அங்கே இருக்கின்றன. ஹந்தானைக்குப் போகிறவர்கள் அங்கேயும் போகவேண்டும். ஒன்றில்லாமல் மற்றது அரைக்கதை.

நெதர்லாந்தில் ஆர்ன்ஹெம் நகரத்துத் திறந்தவெளி அருங்காட்சியகம் 1912இல் தொடங்கப்பட்டது. காற்றாலைகளோடும் பண்ணை வீடுகளோடும், தில்பர்க் தொழிலாளர்களின் வரிசை வீடுகளையும் அங்கே கொண்டுவந்து வைத்து, வீட்டுக்கு வீடு வேறு வேறு காலத்தைக் காட்டுகிறார்கள். நம் லயத்துக்கும் இது பொருந்தும். 1948இல் குடியுரிமை பறிபோன காலத்துக் காம்பரா ஒன்று, 1964 இலங்கை-இந்திய ஒப்பந்தத்துக்குப் பிறகு இந்தியாவுக்குப் போகப் பெட்டி கட்டிய காம்பரா ஒன்று, குடியுரிமை தந்த 2003 சட்டத்துக்குப் பின் வாக்காளர் அட்டையோடு ஒன்று.

அந்தக் காம்பராக்களுக்கு வந்து சேர்ந்த வழிக்கும் ஒரு கதை உண்டு. வத்தேகமவைத் தொட்டுப் போகும் மாத்தளை ரயில் பாதை 1880இல் வந்தது. அதற்கு முன் கோப்பித் தோட்டங்களுக்கு வந்த நம் ஆட்கள் மன்னார்க் கரையில் இறங்கி, காட்டு வழியே மாத்தளைக்கு நடந்தார்கள். வழியில் செத்தவர்கள் ஏராளம். 2023இல் தலைமன்னாரிலிருந்து மாத்தளை வரை மலையக மக்கள் அந்தப் பாதையை நினைத்து மறுபடி நடந்தார்கள்.

மலையகத் தோட்டங்களில் இன்னும் லயங்களில் ஆட்கள் இருக்கிறார்கள். ஒழுகும் தகரத்தின் கீழ் அவர்களை வைத்துக்கொண்டு மரபுரிமை பேசுவது அநியாயம். காணியோடு தனி வீடு முதலில் வரட்டும். எல்லாரும் குடிபோன பிறகு, வத்தேகமப் பக்கத்திலும் ஒரு லயத்தையாவது இடிக்காமல் விடவேண்டும். எந்த லயம், எந்தக் காம்பராவில் எதை வைப்பது என்பதை அங்கே பிறந்து வளர்ந்தவர்கள் தீர்மானிக்கட்டும். காலையில் வேலைக்குப் பெயர் கூப்பிட்ட பிரட்டுக்களம் எங்கே இருந்தது, பிள்ளைக் காம்பராவில் யார் பிள்ளை பார்த்தது என்று சொல்லக்கூடிய ஆச்சிமார் இன்றும் இருக்கிறார்கள். அவர்களிடம் கேட்டு எழுதும் வேலைக்கு வீடு கட்டி முடியும்வரை காத்திருக்கத் தேவையில்லை.