முழங்கால் தேய்மானம்: வம்சமா, வேலையா?



நம் சங்கக் கூட்டங்களில் அறுபதைத் தாண்டியவர்கள் ஜமக்காளத்தில் உட்காராமல் நாற்காலியைத் தேடுவது இப்போது வழக்கமாகிவிட்டது. பேச்சும் கடைசியில் மூட்டுவலியில்தான் வந்து நிற்கிறது. பாலக்காட்டில் கொழிஞ்சாம்பாறை, சித்தூர் பக்கத்து விவசாயக் குடும்பங்களானாலும் சரி, இடுக்கியில் தேவிகுளம், பீர்மேடு எஸ்டேட் லயங்களில் இருப்பவர்களானாலும் சரி, சொல்வது ஒன்றுதான்: "எங்க அம்மாவுக்கு இருந்துச்சு, எனக்கும் வந்துருச்சு. வம்சத்துல இருக்கு, என்ன செய்ய?"

இந்தப் பேச்சில் முதல் பாதி உண்மை. 'என்ன செய்ய' என்ற பாதிதான் ஆபத்தானது. அப்படிச் சொன்னவுடன் பயிற்சியும் நின்றுபோகிறது, வைத்தியமும் தள்ளிப்போகிறது.

நான் டாக்டர் அல்லன். டிப்ளமா படித்து, ரயில்வேயில் தண்டவாளப் பராமரிப்புப் பிரிவில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். என் தாயாருக்கும் அக்காவுக்கும் முழங்கால் தேய்ந்தது. எனக்கு ஐம்பத்தெட்டு வயதில் எக்ஸ்ரேயில் தெரிந்தது. அதன்பின் படித்தும் டாக்டர்களைக் கேட்டும் அறிந்ததை இங்கே எழுதுகிறேன்.

தேய்வது எது?

தொடை எலும்பும் கீழ்க்கால் எலும்பும் சந்திக்கும் இடத்தில் இரண்டின் முனைகளையும் வழவழப்பான குருத்தெலும்பு மூடியிருக்கிறது. அதில் ரத்தக் குழாய் இல்லை. ஆகையால் சேதமடைந்தால் எளிதில் ஆறாது. நரம்பும் இல்லை, ஆகையால் தேயத் தொடங்கும்போது வலிக்காது. குருத்தெலும்பு மெலிந்து, எலும்பின் ஓரங்கள் வளர்ந்து, மூட்டின் உள்சவ்வு வீங்கிய பிறகுதான் வலி தெரிகிறது. தண்டவாளத்திலும் விரிசல் பல சமயம் உள்ளேதான் தொடங்கும். கண்ணுக்குத் தெரியும்வரை காத்திருக்காமல் அல்ட்ராசானிக் கருவி வைத்துச் சோதிப்பது அதனால்தான்.

உருக்கின் குறையா, பாரத்தின் குறையா?

தண்டவாளம் உடைந்தால் நாங்கள் எழுதும் ரிப்போர்ட்டில் இரண்டு விவரங்கள் முக்கியம். ஒன்று, அது எந்த வார்ப்பில் வந்த உருக்கு. மற்றொன்று, இதுவரை அதன்மேல் எத்தனை டன் பாரம் ஓடியிருக்கிறது. இரண்டும் தெரியாமல் காரணம் சொல்ல முடியாது.

முழங்காலிலும் இதே சிக்கல் உண்டு. மூணாறு எஸ்டேட்டில் தாயும் மகளும் ஒரே மலைச்சரிவில் கொழுந்து எடுத்திருப்பார்கள். ஒரே மாதிரி மூட்டை சுமந்து, ஒரே மாதிரி குந்தி உட்கார்ந்து வீட்டு வேலை செய்திருப்பார்கள். இருவருக்கும் முழங்கால் தேய்ந்தால் அது ரத்தமா, சரிவா? ஒரு குடும்பத்தை மட்டும் பார்த்து இதைப் பிரித்துச் சொல்ல முடியாது.

பிரித்துக் காட்ட உதவியவர்கள் இரட்டையர்கள். ஒரே கருவிலிருந்து பிரிந்த இரட்டையருக்கு மரபணுக்கள் முழுதும் ஒன்றே. மற்ற இரட்டையர் சாதாரண உடன்பிறப்புகளைப் போலத்தான். இருவகையினரும் ஒரே வீட்டில் வளர்ந்தவர்கள். முதல் வகையினரிடம் ஒற்றுமை கூடுதலாக இருந்தால், அந்தக் கூடுதல் மரபின் பங்கு. லண்டன் செயின்ட் தாமஸ் மருத்துவமனையில் பெண் இரட்டையரை எக்ஸ்ரே எடுத்து ஆராய்ந்து 1996-ல் முடிவை வெளியிட்டார்கள். கை, முழங்கால் தேய்மானத்தில் மரபின் பங்கு 39 முதல் 65 சதவீதம் என்று கண்டார்கள்.

இதற்கு 'என் முழங்காலில் பாதி அம்மா கொடுத்த நோய்' என்று பொருள் கொள்ளக்கூடாது. ஒருவருக்கு ஒருவர் காணும் வித்தியாசத்தில் ஏறத்தாழ பாதிக்கு மரபு காரணம் என்பதே பொருள். மீதி வயது போக உடல் எடை, வேலை, பழைய காயம் ஆகியவற்றைச் சேர்ந்தது.

நம் மலைத்தொடரிலேயே ஓர் உதாரணம்

மேற்குத் தொடர்ச்சி மலையின் நடுப்பகுதியில், கர்நாடகத்தின் ஷிமோகா மாவட்டம் சாகர் தாலுகாவில் ஹந்திகோடு என்றொரு ஊர். அங்கே சில ஏழைக் குடும்பங்களில் இடுப்பு, முழங்கால் மூட்டுகள் இளவயதிலேயே கெட்டுப்போவது 1970-களின் நடுவில் கவனத்துக்கு வந்தது. வயலில் அடித்த பூச்சிமருந்தும், அந்த வயல் நண்டைச் சாப்பிட்டதும் காரணமாக இருக்கலாம் என்று முதலில் சந்தேகித்தார்கள். பின்னர் எக்ஸ்ரேக்களையும் வம்சாவளியையும் ஆராய்ந்து, இது பெற்றோரில் ஒருவரிடமிருந்தே பிள்ளைக்கு வரக்கூடிய பரம்பரை எலும்பு வளர்ச்சிக் கோளாறு என்று 1994-ல் எழுதினார்கள். 'ஹந்திகோடு நோய்' என்றே அதற்குப் பெயர்.

இவ்விதம் முழுக்க முழுக்க மரபால் வருவது மிக அபூர்வம். நமக்கு அறுபது வயதில் வரும் தேய்மானம் வேறு வகை.

ஒரு மரபணு அல்ல, பல நூறு

சாதாரணத் தேய்மானத்துக்கு ஒரே ஒரு மரபணுவைக் குற்றம் சொல்ல முடியாது. கருவில் மூட்டுகள் உருவாக உதவும் ஜி.டி.எப்.5 என்ற மரபணுவில் ஏற்படும் சிறு மாற்றத்துக்கும் மூட்டுத் தேய்மானத்துக்கும் தொடர்பு உண்டென்று ஜப்பானிய விஞ்ஞானிகள் 2007-ல் காட்டினார்கள். 2025-ல் வெளியான ஆய்வில் ஏறத்தாழ 20 லட்சம் பேரின் மரபணு விவரங்களை ஒப்பிட்டு 900-க்கும் மேற்பட்ட இடங்களைக் கண்டுபிடித்தார்கள். ஒவ்வொன்றும் செய்வது மிகச் சிறிய வேலை. அந்த ஆய்வில் பெரும்பாலோர் ஐரோப்பிய வம்சாவளியினர் என்பதும் கவனிக்கத்தக்கது. ஆகவே 'உங்கள் முழங்கால் தேயுமா' என்று சொல்வதாக யாராவது மரபணு சோதனையை விற்றால் பணத்தை வீணாக்க வேண்டாம். தாய், தகப்பன், உடன்பிறந்தோரின் முழங்கால் எப்படி என்ற கேள்விக்குச் செலவே இல்லை.

பாரம் நம் கையில்

உருக்கை மாற்ற முடியாது, பாரத்தைக் குறைக்கலாம். அமெரிக்காவில் பிரேமிங்ஹாம் என்ற ஊரில் நடந்த நீண்டகால ஆய்வின்படி, பத்து ஆண்டுகளில் சுமார் 5 கிலோ எடை குறைத்த பெண்களுக்கு முழங்கால் தேய்மானத்தால் அவதிப்படும் வாய்ப்பு பாதிக்கும் மேல் குறைந்தது. உடலில் 1 கிலோ குறைந்தால், எடுத்து வைக்கும் ஒவ்வொரு அடியிலும் முழங்காலுக்கு 4 கிலோ பாரம் குறைகிறது என்று இன்னோர் ஆய்வு கணக்கிட்டது. சீனாவில் பெய்ஜிங் நகர முதியவர்களை ஆராய்ந்தபோது, இளவயதில் தினமும் நெடுநேரம் குந்தி உட்கார்ந்தவர்களுக்குத் தேய்மானம் அதிகம் என்று 2004-ல் தெரியவந்தது.

ஆகவே குடும்பத்தில் இந்த நோய் உள்ளவர்கள் அறுபதில் அல்ல, முப்பத்தைந்திலேயே தொடங்க வேண்டியவை:

1. எடையைக் கவனியுங்கள். சோற்றின் அளவைக் குறைத்துக் காயைக் கூட்டுங்கள்.

2. தொடைத் தசையை வலுப்படுத்துங்கள். நாற்காலியில் உட்கார்ந்து ஒரு காலை நேராக நீட்டிப் பத்து எண்ணும்வரை நிறுத்தி இறக்குங்கள். ஒவ்வொரு காலுக்கும் பத்து முறை. தசைதான் மூட்டின் அதிர்ச்சியைத் தாங்குகிறது. ஏற்கெனவே வலி இருந்தால் டாக்டரைக் கேட்டுத் தொடங்குங்கள்.

3. காய் நறுக்க, துணி துவைக்கக் குந்தாமல் முக்காலியோ மேடையோ வையுங்கள். கழிப்பறையில் உட்காரும் கோப்பை அமைக்க முடிந்தால் நல்லது.

4. வலிக்குப் பயந்து நடையை நிறுத்தாதீர்கள். சமதரையில் நடங்கள்.

குழந்தைகள் விஷயம்

நம்மில் மாமன் மகள், அக்கா மகள் உறவில் திருமணம் உண்டு. அப்படிப்பட்ட குடும்பத்தில் சிறு பிள்ளைக்கு விரல் மூட்டுகள் பருத்து, நடை தடுமாறினால் 'வாதம்' என்று விட்டுவிடாதீர்கள். பெற்றோர் இருவரிடமிருந்தும் குறையுள்ள மரபணு சேரும்போது வரும் ஒரு குருத்தெலும்பு நோய் இருக்கிறது. அதற்குரிய மரபணு 1999-ல் கண்டறியப்பட்டது. வேலூர், மணிப்பால் டாக்டர்கள் இந்தியக் குடும்பங்களில் அதை ஆராய்ந்திருக்கிறார்கள். சாதாரண வாதம் என்று நினைத்து வருடக்கணக்கில் தேவையற்ற மருந்து கொடுக்கும் அபாயம் இதில் உண்டு. மரபியல் பிரிவு உள்ள மருத்துவமனையில் காட்டுவதே சரி. நாற்பது வயதுக்குள் பல மூட்டுகள் ஒருசேரக் கெட்டாலும் அப்படியே செய்யுங்கள்.

தாய்க்கு முழங்கால் தேய்ந்தது என்பது மகளுக்கு எழுதிவைத்த தீர்ப்பல்ல, முன்னெச்சரிக்கைப் பலகை. பலகையைப் பார்த்து வேகத்தைக் குறைக்கிற வண்டி பத்திரமாக ஊர் சேரும். இந்தப் பக்கத்தைப் பெரியவர்கள் படித்து முடித்ததும், வீட்டில் முப்பதைத் தாண்டிய பிள்ளைகளிடம் கொடுத்துப் படிக்கச் சொல்லும்படி அன்புடன் கேட்டுக்கொள்கிறேன்.