கையெழுத்துப் போட்டவர் விலகிவிட்டார், விமானம் பறக்கிறது

நாகலாபுரம் இரண்டு விமான நிலையங்களுக்கு நடுவே இருக்கிற ஊர். ஊத்துக்கோட்டை வழியே பஸ் ஏறினால் சென்னை, மீனம்பாக்கம். பிச்சாட்டூர், நாராயணவனம், புத்தூர் வழியே போனால் ரேணிகுண்டா. 2022 ஏப்ரலில் சித்தூர் ஜில்லாவிலிருந்து பிரிந்து திருப்பதி ஜில்லாவில் சேர்ந்த இந்த எல்லைப்புறத்தில், தமிழும் தெலுங்கும் ஒரே திண்ணையில் புழங்குகின்றன. இன்டர்மீடியட் முடித்த பையன்களுக்கு ஸ்ரீசிட்டித் தொழிற்சாலை வேலை, அரபு நாட்டு வேலை என்ற பழைய ஆசைகளோடு விமான மெக்கானிக் வேலை என்ற ஆசையும் இப்போது சேர்ந்திருக்கிறது.

ஒரு பேச்சுக்கு, அப்படிச் சென்னைக்குப் போய்ப் படித்து, ஏதோ ஒரு பராமரிப்புக் கம்பெனியில் மூன்று வருஷம் உழைத்துவிட்டு, ராஜினாமா கொடுத்து ஊர் திரும்பிய ஒருவரை எடுத்துக்கொள்ளலாம். அவர் மனசில் ஒரு ராத்திரி உறுத்திக்கொண்டே இருக்கிறது. சக்கரப் பகுதியின் நட்டுகளை டார்க் ரென்ச் வைத்து, குறித்த விசைக்கு முறுக்கியதாக வேலைச் சீட்டில் கையெழுத்து இருக்கிறது. ஆனால் அந்த ரென்ச் அன்று காலிபரேஷனுக்காக வெளியே போயிருந்தது. அது அவருக்கும் தெரியும், கையெழுத்துப் போட்டவருக்கும் தெரியும், ஷிப்ட் மேற்பார்வையாளருக்கும் தெரியும். காலையில் விமானம் பிரயாணிகளை ஏற்றிக்கொண்டு போய்விட்டது. ஒன்றும் ஆகவில்லை. அந்த ஒரு ராத்திரியோடு அது நிற்கவும் இல்லை.

வீட்டில் சொன்னால் என்ன பதில் வரும் என்பது யாருக்கும் தெரிந்ததுதான். "விட்டுட்டு வந்தாச்சு இல்லப்பா, இன்னும் எதுக்கு அந்தப் பேச்சு?" என்பார் அம்மா. "கம்பெனிக்காரன் வக்கீல் வெச்சா நாம எங்க போறது? நாளைக்கு வேற கம்பெனியில உன்னை யாரு எடுப்பான்?" என்பார் மாமா. இரண்டும் பயத்தில் பிறந்த வார்த்தைகள். ஆனால் அறியாமையில் பிறந்தவை அல்ல. மாமா சொல்வதில் நிறையவே உண்மை இருக்கிறது.

சம்பளப் பாக்கி, மேலதிகாரியின் வசவு, கிடைக்காத பிரமோஷன் ஆகியவை வேறு கணக்கு. அவற்றுக்குத் தொழிலாளர் அலுவலகம் இருக்கிறது. விமானத்தின் பாதுகாப்பு என்று வரும்போது கேள்வி ஒன்றே ஒன்று: தான் பார்த்த தவறு தன்னோடு முடிந்துவிட்டதா, அல்லது இன்னும் பறந்துகொண்டிருக்கிறதா? புத்தூரில் எலும்புக்குக் கட்டுப் போடுகிறவர்களுக்குத் தெரியும், விரிசல் வெளியே தெரியாது, நடந்தால்தான் வலிக்கும். உலோகத்துக்கு அந்த வலியும் கிடையாது. அது ஒரு நாள் சொல்லாமல் கொள்ளாமல் முறியும்.

ஒரு மில்லிமீட்டர் விவகாரம்

அமெரிக்காவில் அலாஸ்கா ஏர்லைன்ஸ் கம்பெனியின் ஓக்லண்ட் பணிமனையில் மேற்பார்வை மெக்கானிக்காக இருந்தவர் ஜான் லியோடின். 1997 செப்டம்பரில் ஒரு எம்.டி.-83 விமானம் பெரிய பரிசோதனைக்கு வந்தது. அதன் வால் பகுதியில் கிடைமட்டச் சிறகை மேலும் கீழும் நகர்த்துகிற நீண்ட திருகாணி ஒன்று உண்டு. அதன் நட்டு எவ்வளவு தேய்ந்திருக்கிறது என்று அளந்தபோது, அனுமதிக்கப்பட்ட கடைசி அளவு வந்தது: 0.040 அங்குலம், அதாவது ஏறக்குறைய ஒரு மில்லிமீட்டர். மாற்ற வேண்டும் என்று அவர் எழுதினார். அடுத்து வந்த ஷிப்டில் மறுபடி மறுபடி அளந்து, 0.033 அங்குலம்தான் என்று குறித்து, பாகத்தை மாற்றாமலே விமானத்தை விடுவித்துவிட்டார்கள்.

1998ல் லியோடின் அந்தப் பணிமனையின் பராமரிப்பு ஆவணங்களில் பொய் எழுதப்படுவதாக அமெரிக்க மத்திய விமான நிர்வாகத்துக்குத் தெரிவித்தார். விசாரணை தொடங்கியது, வேலையிடத்தில் அவருக்கு நெருக்கடியும் தொடங்கியது. 2000 ஜனவரி 31 அன்று, மெக்ஸிகோவிலிருந்து சான் பிரான்ஸிஸ்கோவுக்கு வந்துகொண்டிருந்த 261ஆம் எண் விமானம் கலிபோர்னியாக் கரையோரக் கடலில் தலைகுப்புற விழுந்தது. 88 பேரும் இறந்தார்கள். அது அவர் அளந்த அதே விமானம். போதிய கிரீஸ் இல்லாமல் நட்டின் புரிகள் முற்றிலும் தேய்ந்து போயிருந்ததுதான் காரணம் என்று விசாரணை அறிக்கை கூறியது.

1997க்குப் பிறகு இரண்டு வருஷத்துக்கும் மேலாகக் கிரீஸ் போடுவதிலேயே கோளாறு நடந்திருக்கிறது. எனவே அன்று மாற்றியிருந்தால் பிழைத்திருக்கும் என்று அடித்துச் சொல்ல முடியாது. ஆனாலும் எதைப் பற்றி எழுதுவது என்று தயங்குகிறவருக்கு இதைவிடத் தெளிவான உதாரணம் கிடைக்காது. அவர் "நிர்வாகம் சரியில்லை" என்று எழுதவில்லை. அளவு எழுதினார்.

பக்கத்து வீட்டுக்குச் சொல்லாத செய்தி

சொல்வது என்று முடிவு செய்தாலும், யாரிடம் சொல்வது என்பது அடுத்த சங்கடம். கம்பெனிக்குள்ளேயே சொல்லி முடித்துக்கொள்வது கௌரவமானது என்று பலரும் நினைக்கிறார்கள். 1974 டிசம்பர் 1 அன்று வாஷிங்டன் டல்லஸ் விமான நிலையத்தை நெருங்கிய டி.டபிள்யூ.ஏ. 514ஆம் எண் விமானம், இறங்கும் பாதையின் வரைபடத்தையும் கட்டுப்பாட்டு அறையின் அனுமதியையும் தவறாகப் புரிந்துகொண்டு, உரிய உயரத்துக்குக் கீழே இறங்கி மலையில் மோதிற்று. 92 பேர் மாண்டார்கள். விசாரணையில் வெளிவந்த விஷயம் மேலும் வேதனையானது. சுமார் ஆறு வாரங்களுக்கு முன் யுனைடெட் கம்பெனியின் விமானம் ஒன்று இதே இடத்தில், இதே குழப்பத்தால், மலையில் மோதாமல் மயிரிழையில் தப்பியிருந்தது. விமானிகள் சொன்னார்கள். கம்பெனி தன்னுடைய விமானிகளை எல்லாம் எச்சரித்தது. மற்ற கம்பெனிக்காரர்களுக்கு அந்தச் செய்தி போய்ச் சேரவில்லை.

அதிலிருந்து பிறந்ததுதான் 1976ல் தொடங்கிய விமானப் பாதுகாப்புத் தகவல் முறை. அதை நடத்தும் பொறுப்பு தண்டிக்கிற இலாகாவிடம் தரப்படவில்லை. விண்வெளி ஆராய்ச்சி ஸ்தாபனமான நாசாவிடம் தரப்பட்டது. காரணம் எளியது: நாசாவால் யாருடைய லைசென்ஸையும் பறிக்க முடியாது. எழுதியவரின் பெயர் நீக்கப்பட்ட பிறகே தகவல் வெளியே போகிறது. வேண்டுமென்று செய்யாத தவறைப் பத்து நாட்களுக்குள் தெரிவித்துவிட்டால் தண்டனையிலிருந்து பெரும்பாலும் விலக்கு உண்டு. இருபது லட்சத்துக்கும் மேலான தகவல்கள் அங்கே வந்து சேர்ந்திருக்கின்றன. தண்டனை பயம் நீங்கினால் மனிதர்கள் எவ்வளவு பேசுகிறார்கள்!

சென்னையிலிருந்து போன கடிதம்

எழுதினால் மட்டும் என்ன நடந்துவிடும் என்று கேட்பவர்களுக்குப் பதில் சொல்வது சிரமம். 2010 மே 22 அன்று மங்களூரில் ஏர் இந்தியா எக்ஸ்பிரஸ் விமானம் மேட்டு ஓடுபாதையைத் தாண்டி விழுந்து 158 பேர் இறந்த பிறகு, சிவில் விமானப் பாதுகாப்பு ஆலோசனைக் குழு ஒன்று அமைக்கப்பட்டது. அதில் சென்னையைச் சேர்ந்த மூத்த விமானி கேப்டன் மோகன் ரங்கநாதனும் இருந்தார். 2011 ஜூனில் அவர் அந்தக் குழுவின் தலைவருக்கு எழுதினார்: கோழிக்கோட்டில், மழையில், பின்காற்று வீசும்போது 10ஆம் எண் ஓடுபாதையில் இறங்குகிற விமானங்கள் எல்லாம் பிரயாணிகளின் உயிரைப் பணயம் வைக்கின்றன என்று. ஓடுபாதையின் எண்ணையும், காற்றின் திசையையும், முடிவில் இருக்க வேண்டிய பாதுகாப்பு வெளியின் குறையையும் அவர் குறிப்பிட்டிருந்தார்.

2020 ஆகஸ்ட் 7 இரவு, துபாயிலிருந்து 190 பேருடன் வந்த ஏர் இந்தியா எக்ஸ்பிரஸ் விமானம், கொட்டும் மழையில் முதலில் எதிர்த்திசையில் இறங்க முயன்று, தலைமை விமானியின் பக்கத்துக் கண்ணாடித் துடைப்பான் நின்றுபோக, மேலே எழும்பி, திரும்பி வந்து, பின்காற்றில் அதே 10ஆம் எண் ஓடுபாதையில் இறங்கிற்று. 8,858 அடி ஓடுபாதையில் 4,438 அடி தாண்டித்தான் சக்கரம் தரையைத் தொட்டது. 21 பேர் இறந்தார்கள்; இரண்டு விமானிகளும் அதில் அடக்கம். விதிமுறையை விமானி கடைப்பிடிக்காததே காரணமாக இருக்கக்கூடும் என்று 2021ல் வெளிவந்த விசாரணை அறிக்கை முடிவு செய்தது. ஓடுபாதைதான் காரணம் என்று அது சொல்லவில்லை. இருந்தாலும் ஒன்பது வருஷத்துக்கு முந்தைய அந்தக் கடிதத்தை அன்று இரவே பத்திரிகைகள் தேடி எடுத்துப் போட்டன.

ஒரு பழைய உத்தியோகஸ்தரின் கதை

முன்னாள் முதலாளியின் மீதே புகார் சொன்னவர் என்றால் ஜான் பார்னெட்டைத்தான் சொல்ல வேண்டும். போயிங் கம்பெனியில் 32 வருஷம் வேலை பார்த்தவர். கடைசி ஏழு வருஷம் தென் கரோலினாவில் 787 ட்ரீம்லைனர் விமானங்கள் தயாராகும் தொழிற்சாலையில் தர மேலாளர். மின்கம்பிகளின் அருகே கூரிய உலோகச் சீவல்கள் கிடக்கின்றன, குறையுள்ள பாகங்கள் கணக்கில்லாமல் மறைகின்றன, சோதித்த அவசர ஆக்ஸிஜன் குப்பிகளில் நான்கில் ஒன்று சரியாக வேலை செய்யவில்லை என்பவை அவர் சொன்ன குற்றச்சாட்டுகள். போயிங் அவற்றை மறுத்தது. ஆனால் 2017ல் சோதித்த அரசு அதிகாரிகள், குறையுள்ள பாகங்களில் குறைந்தது 53 எங்கே இருக்கின்றன என்று தெரியவில்லை என்பதை உறுதி செய்தார்கள்.

2017ல் அவர் ஓய்வு பெற்றார். தன்னைப் பழிவாங்கினார்கள் என்று தொடுத்த வழக்கு ஏழு வருஷம் இழுத்தது. 2024 மார்ச் 9 அன்று, சார்ல்ஸ்டன் நகரில் வாக்குமூலம் கொடுத்து வந்த நாட்களின் நடுவே, ஹோட்டல் வாசலில் தன் வண்டிக்குள் இறந்து கிடந்தார். வயது 62. தற்கொலை என்று போலீஸ் முடிவு கட்டியது. விமானத் துறையில் உண்மை சொல்கிறவர்களைக் காக்க 2000ஆம் ஆண்டிலேயே தனிச் சட்டம் போட்ட தேசத்தில் நடந்தது இது.

இந்தியாவில் அந்த அளவுக்குக்கூடக் குடை இல்லை. தகவல் தருவோரைக் காக்கும் சட்டத்தைப் பார்லிமெண்ட் 2014ல் நிறைவேற்றியது. ஆண்டுகள் பல ஓடியும் அதை அமலுக்குக் கொண்டுவரும் அறிவிப்பு வந்தபாடில்லை. வந்தாலும் அது அரசு ஊழியர்கள் மீதான புகாருக்குத்தானே தவிர, தனியார் பராமரிப்புக் கம்பெனிக்கு அல்ல. 2013ஆம் ஆண்டுக் கம்பெனிகள் சட்டம், பங்குச் சந்தையில் உள்ள கம்பெனிகள் ஊழியர் புகாருக்கு ஓர் உள்வழி வைத்திருக்க வேண்டும் என்கிறது. வெளியேறியவருக்கு அந்தக் கதவு திறக்குமா என்பது கம்பெனிக்குக் கம்பெனி மாறும். மாமா பயப்படுவதில் நியாயம் இருக்கிறது என்று சொன்னது இதனால்தான்.

எழுதுவதென்றால் எப்படி?

போக வேண்டிய இடம் சிவில் விமானப் போக்குவரத்து டைரக்டர் ஜெனரல் அலுவலகம். தலைமையகம் புதுடில்லியில் சப்தர்ஜங் விமான நிலையத்துக்கு எதிரே. தென்பிராந்திய அலுவலகம் சென்னையில். பாதுகாப்புக் குறைகளைத் தாமாக முன்வந்து தெரிவிப்பதற்கு அங்கே ஒரு முறை இருக்கிறது. தெரிவிப்பவரின் பெயர் ரகசியமாக வைக்கப்படும் என்பது அதன் ஏற்பாடு. மொட்டைக் கடுதாசி வேண்டாம். அதைப் பெற்றவர் மறுகேள்வி கேட்க ஆளில்லை. பெரும்பாலும் அப்படியே ஃபைலில் தூங்கும்.

கடிதத்தில் வசை ஒரு வரியும் கூடாது. வி.டி. என்று தொடங்கும் விமானத்தின் பதிவு எழுத்துகள், தேதி, ஷிப்ட், வேலைச் சீட்டின் எண், எந்தப் பாகம், எந்தக் கருவி, தான் கண்ணால் கண்டது எது, பிறர் சொல்லிக் கேட்டது எது: இவை தனித்தனியாக இருக்க வேண்டும். ரென்ச் வெளியே போன தேதி கருவிப் பதிவேட்டில் இருக்கும். வேலைச் சீட்டின் தேதியை அதனோடு ஒப்பிட்டுப் பார்க்க அதிகாரிக்கு அரை மணி நேரம் போதும். அசுரன் கடலுக்கடியில் ஒளித்த வேதங்களை மீட்க நாகலாபுரத்துப் பெருமாள் மீனாக அவதாரம் எடுக்க வேண்டியிருந்தது; இங்கே ஏடுகள் அலமாரியிலேயே இருக்கின்றன, எந்த அலமாரி என்று யாராவது காட்டினால் சரி. கம்பெனியின் காகிதங்களைத் திருட்டுத்தனமாக எடுத்து வந்து இணைக்கிற வேலை மட்டும் வேண்டாம். புகார் சொன்னவர் மீதே வழக்கு திரும்புவதற்கு அது போதும்.

தானும் அப்படி ஒரு சீட்டில் கையெழுத்துப் போட்டிருந்தால்? தயக்கத்தின் அடியில் பல நேரம் கிடப்பது இதுதான். அதை மறைத்து மற்றவர் பெயரை மட்டும் எழுதினால், முதல் விசாரணையிலேயே அது வெளியே வரும்; சொன்ன மற்ற உண்மைகளும் அதோடு அடிபட்டுப் போகும். லைசென்ஸ் போகலாம். அதனால் அனுப்புவதற்கு முன் ஒரு வக்கீலிடம் காட்டுவது நல்லது. மனசை மட்டும் கேட்டு முடிவெடுக்கிற விஷயம் அல்ல இது. வீட்டில் யார் சம்பாதிக்கிறார்கள் என்பதும் கணக்கில் சேரும்.

ஸ்பீடு போஸ்ட்டில், போய்ச் சேர்ந்ததற்கான அத்தாட்சியோடு அனுப்பலாம். பிரதி ஒன்றைச் சர்டிபிகேட்டுகளோடு வைத்துக்கொள்ளலாம். இரண்டு மாதம் பதில் இல்லாவிட்டால், அதே எண்களைக் குறித்து ஒரு நினைவூட்டல். மத்திய அரசின் குறைதீர்ப்பு இணையதளத்தில் பதிவு செய்தால் அதற்கும் ஓர் எண் கிடைக்கும். அந்த எண்ணை வைத்துக்கொண்டு, விவகாரம் எந்த மேஜையில் நிற்கிறது என்று ஊரில் இருந்தபடியே பார்க்கலாம்.