நர்ஸ் படித்தவளுக்கு இன்னுமொரு படிப்பு

நம் நாட்டில் நர்ஸ் பயிற்சி முடித்துப் பதிவு பெறும் பெண்ணுக்கு இரண்டு பெயர்கள் ஒருங்கே கிடைக்கின்றன. ஒன்று, பதிவு பெற்ற நர்ஸ். மற்றொன்று, பதிவு பெற்ற மருத்துவச்சி. அப்படியிருக்க, அதே பெண்களை மறுபடியும் அழைத்துப் பதினெட்டு மாதம் மருத்துவச்சி வேலையைக் கற்பிக்க வேண்டுமென்று 2018 டிசம்பரில் மத்திய அரசு திட்டம் வகுத்ததே, ஏன்? சான்றிதழில் இருக்கும் பட்டம் கையில் இல்லையா?

விலங்கியல் படிக்கிற எனக்கு இதில் என்ன அக்கறை என்று நண்பர்கள் கேட்கலாம். என் அக்காள் தெலுங்கானாவில் ஓர் அரசு ஆஸ்பத்திரியில் நர்ஸ். இந்தப் படிப்புக்கு மனுப் போடுவதா வேண்டாமா என்று செகந்திராபாத்தில் எங்கள் வீட்டில் இரண்டு மாதமாக விவாதம் நடக்கிறது. அந்த விவாதத்தில் நானும் ஒரு கட்சி.

'மருத்துவன்' என்றால் எந்த நோய்க்கும் மருந்து தருபவன். 'மருத்துவச்சி' என்றாலோ நம் வழக்கில் பிரசவம் பார்ப்பவள்தான். அந்த ஒரு வேலைக்கே ஒரு சொல்லை நம் முன்னோர் ஒதுக்கினார்கள். ஆனால் அவளை வீட்டுக்குள் அழைத்த மரியாதை பிள்ளை பிறக்கும்வரைதான். பிறகு நெல்லும் பழம்புடவையும் கொடுத்துத் திண்ணையோடு அனுப்பிவிடுவார்கள். 1844-இல் சென்னையில் பிரசவ ஆஸ்பத்திரி ஏற்பட்டது. இன்றைய எழும்பூர் ஆஸ்பத்திரி அதன் வழியில் வந்ததே. சுதந்திரத்துக்குப் பின் கிராமங்களுக்குத் துணை நர்ஸ் மருத்துவச்சிகளை அனுப்பினார்கள். 1970-களில் அவர்களைப் 'பல்நோக்குப் பணியாளர்' ஆக்கினார்கள். தடுப்பூசி, குடும்பக் கட்டுப்பாடு, கணக்குப் புத்தகம் என்று நோக்கங்கள் பெருகப் பெருக, பிரசவம் பார்க்கும் நோக்கம் அடியில் போய்விட்டது. பின்னர் 2005-இல் ஆஸ்பத்திரிப் பிரசவத்துக்குப் பணம் தரும் திட்டம் வந்தது. 2019–21-இல் எடுத்த தேசியக் குடும்பநல ஆய்வின்படி நூற்றுக்கு 88.6 பிரசவங்கள் ஆஸ்பத்திரியில் நடந்தன. தாய் ஆஸ்பத்திரிக்கு வந்துவிட்டாள். மருத்துவச்சி வரவில்லை. அங்கே இருப்பது டாக்டரும், டாக்டர் சொன்னதைச் செய்யும் நர்ஸும்.

இதில் என்ன குறை என்று என் தந்தையார் கேட்கிறார். பாதுகாப்பான இடம், படித்த டாக்டர், வேறென்ன வேண்டும்? இந்த இடத்தில்தான் என் பாடம் எனக்குக் கைகொடுக்கிறது.

பிரசவத்தில் கருப்பையைச் சுருங்கவைப்பது ஆக்ஸிடோசின் என்னும் இயக்குநீர். மூளையின் அடியிலுள்ள பிட்யூட்டரியிலிருந்து அது இரத்தத்தில் கலக்கிறது. பிட்யூட்டரிச் சாறு கருப்பையைச் சுருக்கும் என்று ஹென்றி டேல் 1906-இல் கண்டார். வின்சென்ட் டு விக்னோ 1953-இல் அதைச் செயற்கையாகவே செய்துவிட்டார். 1955-இல் அவருக்கு வேதியியலுக்கான நோபல் பரிசு கிடைத்தது. இன்று ஒவ்வொரு பிரசவ அறையிலும் அது சிறு கண்ணாடிக் குப்பியில் இருக்கிறது. ஆனால் உடலில் தானாகச் சுரக்கும்போது அதற்கு ஒரு விசித்திரக் குணம் உண்டு. அச்சம் வந்தால் அது தயங்கும். 1960-களில் நைல்ஸ் நியூட்டன் என்ற அமெரிக்க அம்மையார் சுண்டெலிகளை வைத்துச் சோதித்தார். ஈன்றுகொண்டிருக்கும் எலியைத் தொந்தரவு செய்தால் அடுத்த குட்டி தாமதமாயிற்று. ஆடு வளர்ப்பவர்களிடம் கேட்டால் சோதனைச்சாலை இல்லாமலே இதைச் சொல்வார்கள்.

இனி நம் ஆஸ்பத்திரிப் பிரசவ அறையை நினைத்துப் பாருங்கள். பளிச்சென்ற விளக்கு, அடுத்த கட்டிலில் அலறல், கூட வந்த தாயோ மாமியாரோ கதவுக்கு வெளியே. மல்லாந்து படுக்கச் சொல்கிறார்கள். மல்லாந்து படுத்தால் கனத்த கருப்பை பெரிய இரத்தக் குழாயை அழுத்தும். குழந்தைக்குப் போகும் இரத்தம் குறையும். வலி தளர்கிறது. உடனே டிரிப்பில் செயற்கை ஆக்ஸிடோசின் ஏற்றுகிறார்கள். அளவு மிஞ்சினால் வலிக்கும் வலிக்கும் நடுவே ஓய்வின்றிக் கருப்பை இறுகும். குழந்தையின் இதயத்துடிப்பு தடுமாறும். முடிவு கத்திதான். தெலுங்கானாவில் மேற்சொன்ன ஆய்வின்படி நூற்றுக்கு 60.7 பிரசவங்கள் அறுவைப் பிரசவங்கள், தமிழ்நாட்டில் 44.9. எல்லாவற்றுக்கும் டிரிப்பே காரணம் என்று சொல்ல வரவில்லை. தனியார் ஆஸ்பத்திரிக் கணக்கும், நல்ல நாள் பார்த்து அறுக்கச் சொல்லும் குடும்பங்களும் உண்டு. எனினும், அறுவை நூற்றுக்குப் பத்துக்கு மேல் போனால் அதனால் மரணம் மேலும் குறைவதாகத் தெரியவில்லை என்று உலகச் சுகாதார நிறுவனம் 2015-இல் கூறிற்று.

ஆகவே, பதினெட்டு மாதப் படிப்பு கற்பிப்பது பிள்ளையைக் கையில் ஏந்துவதை அன்று. அதை அக்காள் எட்டு ஆண்டுகளாகச் செய்கிறாள். கற்பிப்பது, காத்திருப்பதை, எதுவரை காத்திருக்கலாம், எந்த நிமிடத்தில் காத்திருக்கக் கூடாது என்பதை. கருப்பைவாய் ஐந்து சென்டிமீட்டர் திறக்குமுன் 'வலி போதாது' என்று அவசரப்படக் கூடாது. கால் மணி முதல் அரை மணிக்கு ஒருமுறை குழந்தையின் துடிப்பைக் கேட்க வேண்டும். தாய் முக்கத் தொடங்கியபின் ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை. நடக்க விட வேண்டும், குந்த விட வேண்டும். வயிற்றை அமுக்கக் கூடாது. வழக்கம் என்பதற்காகக் கத்தரி போடக் கூடாது. பிள்ளை பிறந்ததும் இரத்தப்போக்கைத் தடுக்கப் பத்து யூனிட் ஆக்ஸிடோசின் ஊசி. ஆனால் கொடியை ஒரு நிமிடமாவது பொறுத்தே வெட்ட வேண்டும். அதே குப்பிதான், போடும் நேரம் வேறு! ஆயுதம் போடுவதும் அறுவையும் டாக்டருடைய வேலை. சிக்கல் வருமுன் அறிந்து டாக்டரைக் கூப்பிடுவது மருத்துவச்சியின் வேலை.

இதையெல்லாம் முதற்படிப்பிலேயே கற்றிருக்கலாமே? பாடத்திட்டத்தில் உண்டு. ஆனால் தான் படித்த பள்ளியில் ஒரு பிரசவத்தைச் சுற்றிப் பத்து மாணவிகள் நின்றதாகவும், எண்ணிக்கை குறிப்பேட்டில்தான் நிறைந்ததாகவும் அக்காள் சொல்கிறாள்.

இந்த ஏற்பாடு நம் நாட்டின் கண்டுபிடிப்பன்று. ஸ்வீடனில் மூன்றாண்டு நர்ஸ் படிப்பை முடித்துப் பதிவு பெற்றவரே மருத்துவச்சிப் படிப்பில் சேர முடியும். அதுவும் ஒன்றரை ஆண்டுதான். அங்கே இயல்பான பிரசவங்களை அவர்களே நடத்துகிறார்கள். ஐரோப்பிய ஒன்றிய விதிப்படி மருத்துவச்சி மாணவி குறைந்தது நாற்பது பிரசவங்களைத் தானே பார்க்க வேண்டும். தாய்மார் கிடைப்பது அரிதான இடங்களில் மட்டும் சிறிது தளர்த்துவார்கள். நம் ஊரில் தெலுங்கானா அரசு மத்திய அரசுக்கு முன்பே, 2017-இல், ஐதராபாத்தின் பெர்னாண்டஸ் ஆஸ்பத்திரியுடனும் யூனிசெஃப்புடனும் சேர்ந்து தன் நர்ஸ்களுக்கு இப்பயிற்சியைத் தொடங்கிற்று. மத்திய அரசின் திட்டத்தில் சேர நர்ஸ் பதிவோடு, பிரசவம் பார்த்த இரண்டாண்டு அனுபவமும் வேண்டும். படித்து முடித்தவர் ஆஸ்பத்திரிக்குள்ளேயே மருத்துவச்சிகள் நடத்தும் தனிப் பிரிவில் வேலை செய்ய வேண்டும் என்பது ஏற்பாடு.

இந்தியாவில் 2018–20-இல் ஒரு லட்சம் பிறப்புக்கு 97 தாய்மார் இறந்தார்கள். கேரளத்தில் 19, அஸ்ஸாமில் 195. ஒரே நாட்டுக்குள் பத்து மடங்கு வேற்றுமை! அஸ்ஸாமில் காத்திருக்கும் அறிவைவிட நேரத்தில் வந்து சேரும் கை தேவைப்படலாம். தெலுங்கானாவில் கையைக் கட்டிக்கொண்டு காத்திருக்கும் துணிவு தேவை. நல்ல மருத்துவச்சியிடம் இரண்டும் இருக்கும் என்பதே இப்படிப்பின் நம்பிக்கை.

வீட்டு விவாதத்துக்கு வருகிறேன். விடுதியில் தங்கிப் படிக்க வேண்டும். அக்காளின் மகனுக்கு நான்கு வயது. 'பையனை நான் பார்த்துக்கொள்கிறேன், நீ போடி' என்று அம்மா முதல் நாளே சொல்லிவிட்டாள். அத்திம்பேருக்கும் மறுப்பில்லை. தயங்குபவள் அக்காள்தான், அவள் தயக்கம் பிள்ளையைப் பற்றியதன்று. ஆஸ்பத்திரிகளில் நர்ஸை ஆறு மாதத்துக்கு ஒரு வார்டாக மாற்றுவது பழக்கம். பதினெட்டு மாதம் படித்துவிட்டு வந்தவளை எலும்பு முறிவு வார்டுக்கு அனுப்பினால்? அங்கே யாருக்காகக் காத்திருப்பது? பிரசவ அறையிலேயே விட்டாலும், 'ஏன் இன்னும் டிரிப் போடவில்லை' என்று நேற்று வந்த இளம் டாக்டர் அதட்டினால், 'தேவையில்லை, சார்' என்று சொல்லும் உரிமை அவளுக்கு எழுத்தில் இருக்குமா? 2023-இல் பார்லிமெண்டு நிறைவேற்றிய புதிய சட்டத்தின் பெயரிலேயே நர்ஸ் தொழிலும் மருத்துவச்சித் தொழிலும் இரண்டாக நிற்கின்றன. சட்டத்தின் பெயர் வார்டுக்குள் வந்து சேர எத்தனை நாளாகும் என்பதுதான் அவள் கேள்வி.

'போ' என்பது என் கட்சி. மனுவை நிரப்பி வைத்திருக்கிறாள். பயிற்சிக்குப் பின் பிரசவப் பிரிவிலிருந்து மாற்றமாட்டோம் என்று தன் மேலதிகாரியிடம் எழுதிக் கேட்டிருக்கிறாள். அது வந்தால் கையெழுத்துப் போடுவாள்.