ஈரம் விரும்பும் இளவேனிற் பூ

குமிழிலிருந்து முளைக்கும் செடிகளுக்கு நீர் தேங்காத மண்ணே ஏற்றது என்பது தோட்டக்கலையிற் பொதுவிதி. வெங்காயம் பயிரிடும் நம் கமக்காரரும் இதனை நன்கறிவர். ஆயினும், இவ்விதிக்கு முற்றும் அடங்காத மலரொன்று இங்கிலாந்தில் உண்டு. பிரிற்றிலரி என்பது அதன் பெயர்; பாம்புத் தலைப் பூ என்றும் வழங்குவர். ஊதா நிறத்திற் சதுரங்கப் பலகை போன்ற கட்டங்கள் அமைந்த இம்மலர், மணியைப் போலத் தலை கவிழ்ந்து ஏப்ரல் மாதத்திற் பூக்கும்.

இஃது ஈரத்தை நாடுவதற்குக் காரணம் யாது? வெங்காயத்தைக் காய்ந்த புறத்தோல் மூடிக் காக்கின்றது. அதனால் அது மாதக்கணக்கிற் கட்டித் தொங்கவிடினும் கெடுவதில்லை. பிரிற்றிலரியின் சிறு குமிழுக்கோ அத்தகைய தடித்த போர்வை இல்லை. காற்றுப்படக் கிடந்தால் விரைவில் உலர்ந்து உயிரிழக்கும். கடையிற் பல வாரம் கிடந்த குமிழ்கள் முளையாது போவதற்கு இதுவே பெருங்காரணம்.

ஆகவே, செப்டெம்பர், ஒக்டோபர் மாதங்களிற் குமிழ் கைக்கு வந்தவுடன், தாமதியாது 4 அங்குல ஆழத்தில் நடுதல் வேண்டும். மண்ணில் உக்கிய இலையைத் தாராளமாகக் கலத்தல் நன்று. பூச்சாடியில் வளர்ப்போர், கோடையில் இலைகள் மடிந்த பின்னரும் மண்ணை முற்றாகக் காயவிடலாகாது. ஆனால் ஈரம் வேறு, சேறு வேறு. நீர் நிறைந்த தட்டிற் சாடியை ஓயாது நிறுத்தினாற் குமிழ் அழுகிவிடும். செந்நிற லில்லி வண்டு இலைகளைத் தின்னும். அதனைக் கையாற் பொறுக்கி அகற்றலாம். புற்றரையில் நட்டவர்கள், விதை முற்றிச் சிந்தும்வரை புல்லை வெட்டாது விடல் வேண்டும். அவ்விதையிலிருந்து எழும் செடி பூப்பதற்கு 4 அல்லது 5 ஆண்டுகள் செல்லும்.

இயற்கை இம்மலரை வளர்க்கும் முறையை வில்ற்சயரிலுள்ள கிறிக்லேட் ஊரின் வடக்குப் புல்வெளியிற் காணலாம். மாரியிலே தேம்ஸ் நதி பெருகி அவ்வெளியை மூடும். வடியும்போது வண்டலை விட்டுச் செல்லும். கோடையில், விதை சிந்திய பின்னரே, புல் அறுக்கப்படும். அதன்பின் கால்நடைகள் மேயும். பல நூற்றாண்டுகளாக நிலவும் இவ்வொழுங்கே மலரைக் காத்தது. ஏனைய இடங்களிலோ, இரண்டாம் உலகப் போர்க் காலத்திலும் அதன் பின்னரும், உணவுப் பயிருக்காக இத்தகைய புல்வெளிகள் பல வடிகால் வெட்டி உழப்பட்டன. ஈரம் போயிற்று, மலரும் மறைந்தது.

நில உரிமையாளரின் அனுமதியின்றிக் காட்டுச் செடிகளைப் பிடுங்குவதை 1981 ஆம் ஆண்டுச் சட்டமொன்று அந்நாட்டிலே தடுக்கின்றது. ஆயினும், பிடுங்காமல் விடுவது மாத்திரம் போதாது, நேயர்களே. சாடியாயினும் சரி, நதிக்கரை வெளியாயினும் சரி, மண்ணின் ஈரம் நிலைக்கும் வரையே இம்மலரும் நிலைக்கும்.