சொல் அறிவோம்: ‘இராட்டிக்லி’ என்றால் தாறுமாறா?



மொழிபெயர்க்கும்போது சில ஆங்கிலச் சொற்கள் நம்மை ஏமாற்றிவிடும். அகராதியில் பொருள் இருக்கும். அதை அப்படியே எடுத்து வாக்கியத்தில் வைத்தால், வேறு ஏதோ ஒரு பொருள் வந்து நிற்கும். அப்படிப்பட்ட சொற்களில் ஒன்று ‘இராட்டிக்லி’. இதில் நானே ஒருமுறை நன்றாகச் சறுக்கி விழுந்தேன். அந்தக் கதையிலிருந்தே தொடங்குகிறேன்.

சில ஆண்டுகளுக்கு முன், ஒரு மாணவனைப் பற்றி ஆலோசகர் ஆங்கிலத்தில் எழுதிய குறிப்பை அவன் தாயாருக்காகத் தமிழில் எழுதித் தரச் சொன்னார்கள். அவன் வகுப்பில் ‘பிஹேவ் இராட்டிக்லி’ என்று அதில் இருந்தது. நான் யோசிக்காமல், “வகுப்பில் தாறுமாறாக நடந்துகொள்கிறான்” என்று எழுதிவிட்டேன். மறுநாள் காலையிலேயே அந்த அம்மா வந்துவிட்டார். “ஐயா, என் மகன் யாரையாவது அடிச்சிட்டானா? கெட்ட வார்த்தை பேசினானா?” என்று கேட்டார். கண்ணெல்லாம் சிவந்திருந்தது. முந்தைய இரவே மகனுக்கு நல்ல திட்டு விழுந்திருக்கிறது என்பது எனக்குப் புரிந்தது.

அந்தப் பையன் யாரையும் அடிக்கவில்லை. ஒருநாள் துறுதுறுவென்று கை தூக்கிப் பதில் சொல்வான். அடுத்த நாள் மேசையில் தலை வைத்துத் தூங்குவான். ஒருநாள் கலகலப்பு, மறுநாள் காரணமில்லாத எரிச்சல். இதைத்தான் ஆலோசகர் அந்த ஒரே சொல்லில் சொல்லியிருந்தார். குறும்பே இல்லாத பிள்ளைமீது குறும்பைச் சுமத்தியது என் மொழிபெயர்ப்பு.

சொல்லின் வேர்

இதன் வேர் லத்தீன் மொழியில் ‘அலைந்து திரிதல்’ என்ற பொருள் தரும் வினைச்சொல். பிழை என்ற பொருளில் நாம் பயன்படுத்தும் ‘எரர்’ என்ற சொல்லும் அதே வேரிலிருந்து பிறந்ததுதான். வழியை விட்டு அலைவது என்ற கருத்து, தவறு என்ற பொருளுக்கு நகர்ந்துவிட்டது. முற்காலத்தில் கோள்களை ‘அலையும் விண்மீன்கள்’ என்ற பொருளில் இதே சொல்லால் குறித்தார்கள். மற்ற விண்மீன்கள் தங்களுக்குள் இடம் மாறாமல் இருக்க, கோள்கள் மட்டும் இடம் மாறிக்கொண்டே இருந்தன அல்லவா? நிலவியலிலும் பனியாறு எங்கிருந்தோ சுமந்துவந்து வேறோர் இடத்தில் விட்டுச்சென்ற பாறைக்கு ‘இராட்டிக்’ என்று பெயர் உண்டு.

ஆக, இச்சொல்லின் மையப் பொருள் ஒரே நிலையிலோ ஒரே தடத்திலோ நில்லாமல் மாறுவது. கெட்ட எண்ணம், முரட்டுத்தனம் எதுவும் இச்சொல்லுக்குள் இல்லை.

ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்

ஒரு செயலை ‘இராட்டிக்லி’ என்று சொல்லலாமா என்று தெரியவில்லையா? “அடுத்து என்ன நடக்கும் என்று முன்கூட்டியே சொல்ல முடியுமா?” என்று கேட்டுப் பாருங்கள். சொல்ல முடிந்தால் இந்தச் சொல் பொருந்தாது.

ஒரு மாணவர் தினமும் பத்து நிமிடம் தாமதமாக வருகிறார். அது தவறுதான், ஆனால் ‘இராட்டிக்’ அல்ல. நாளைக்கும் பத்து நிமிடம் தாமதம் என்று நமக்குத்தான் தெரியுமே! இன்னொருவர் ஒருநாள் ஆறு மணிக்கே வருகிறார், மறுநாள் ஒன்பது மணிக்கு வருகிறார், அதற்கு அடுத்த நாள் வரவே இல்லை. இதுதான் ‘இராட்டிக்’. மலாய் அறிந்தவர்கள் வானிலையைப் பற்றிப் பேசும்போது ‘தீடாக் மெனெந்து’ என்பார்களே, அதை நினைவில் வைத்துக்கொண்டால் பொருள் சட்டென்று பிடிபடும்.

தமிழில் எப்படிச் சொல்வது?

எல்லா இடத்துக்கும் பொருந்தும் ஒரே தமிழ்ச் சொல்லைத் தேடாதீர்கள். எந்த வினையோடு வருகிறது என்று பார்த்து, அதற்கேற்ற வினையடையைத் தேர்ந்தெடுங்கள்.

• வாகனம் ஓட்டுவது: தாறுமாறாக, தடம் மாறி மாறி.
• இதயம் துடிப்பது: சீரற்று, ஒழுங்கின்றி.
• விலை ஏறி இறங்குவது: நிலையின்றி.
• மழை பெய்வது: கணிக்க முடியாத வகையில்.
• இயந்திரம் இயங்குவது: சில நேரம் ஓடியும் சில நேரம் நின்றும்.
• மனிதர் நடந்துகொள்வது: நிலையில்லாமல், ஒரு நேரம் போல் மறுநேரம் இல்லாமல்.

‘தாறுமாறாக’ என்பது வாகனத்துக்குச் சரியாகப் பொருந்துகிறது. மனிதரின் நடத்தைக்கு வைத்தால் அடாவடி என்ற வாடை வந்துவிடுகிறது. இன்றைய இளைஞர் பேச்சில் ‘படம் தாறுமாறு’ என்றால் பாராட்டு வேறு! ஆகவே கவனம் தேவை.

குழப்பும் சொற்கள்

‘ரெக்லஸ்லி’ என்றால் விளைவைப் பற்றிக் கவலைப்படாமல், பொறுப்பின்றி. இது மனப்பான்மையைக் குறை சொல்லும். ‘இராட்டிக்லி’ கண்ணால் பார்த்ததை மட்டும் சொல்லும். திடீரென உடல்நலம் குன்றிய ஓட்டுநரின் கார் அப்படியும் இப்படியும் போகலாம். அவர் பொறுப்பற்றவர் என்று சொல்ல முடியுமா?

‘ஸ்போராடிக்லி’ என்றால் அவ்வப்போது, அங்கொன்றும் இங்கொன்றுமாக. ‘கப்ரிஷியஸ்லி’ என்றால் மனம்போன போக்கில். பின்னதில் ஒருவரின் விருப்பு வெறுப்பு கலந்திருக்கும். அதனால் இதயத் துடிப்புக்கு அது ஒத்துவராது. ‘எரோனியஸ்லி’ என்பது அதே வேரில் பிறந்த உறவுக்காரச் சொல்தான். ஆனால் அதன் பொருள் ‘தவறாக’ என்பது.

எழுத்தும் இடமும்

எழுத்துக்கூட்டலில் மதிப்பெண் இழக்காதீர்கள். இ, ஆர், ஆர், ஏ, டி, ஐ, சி, ஏ, எல், எல், ஒய் என்று மொத்தம் பதினொரு எழுத்துகள். ஐ, சி என்று முடியும் பெயரடைகளோடு பெரும்பாலும் ஏ, எல், எல், ஒய் நான்கும் சேரும். ‘பப்ளிக்லி’ இதற்கு நன்கு தெரிந்த விதிவிலக்கு. உச்சரிக்கும்போது அந்த ‘ஏ’ ஒலிப்பதில்லை. அதனால்தான் பலர் அதை எழுத மறந்துவிடுகிறார்கள். முன்னால் ஓர் ஆர் விடுபட்டு, ஏ இருக்கும் இடத்தில் ஓ வந்துவிட்டால் காமம் தொடர்பான வேறு சொல்லாகிவிடும். திருத்தும் ஆசிரியர் சிரிப்பார், மதிப்பெண் சிரிக்காது!

ஆங்கிலத்தில் இந்த வினையடை பெரும்பாலும் வினைக்குப் பின்னால் வரும்: ‘டிரைவ் இராட்டிக்லி’. தமிழில் வினைக்கு முன்னால் வரும்: ‘தாறுமாறாக ஓட்டினார்’. ஆங்கில வரிசையை அப்படியே தமிழுக்குக் கொண்டுவராதீர்கள்.

பயிற்சி

கீழ்க்காணும் ஐந்தில் எதற்கு ‘இராட்டிக்லி’ பொருந்தாது? மற்றவற்றுக்குத் தகுந்த தமிழ் வினையடை எது?

1. விபத்துக்கு முன் லாரி சென்ற விதம்.
2. நோயாளியின் நாடி துடித்த விதம்.
3. தினமும் ஐந்து நிமிடம் பின்தங்கும் கடிகாரம் ஓடும் விதம்.
4. காய்கறி விலை ஒரே வாரத்தில் ஏறி இறங்கிய விதம்.
5. பழைய கணினி வேலை செய்யும் விதம்.

விடை: மூன்றாவது பொருந்தாது. அந்தக் கடிகாரம் பிழையானது, ஆனால் அதன் பிழை ஒழுங்கானது. மற்றவை முறையே: தாறுமாறாக, சீரற்று, நிலையின்றி, சில நேரம் ஓடியும் சில நேரம் நின்றும்.

அந்தப் பையன்

அன்று அந்த அம்மாவை உட்காரவைத்து, என் பிழையை ஒப்புக்கொண்டு, குறிப்பின் உண்மையான பொருளைச் சொன்னேன். கொஞ்ச நேரம் அமைதியாக இருந்தார். பிறகு, “எனக்கு நைட் ஷிப்ட் வர்ற வாரத்துல இவன்தான் தம்பியைப் பார்த்துக்கிறான். சின்னவன் ராத்திரியில அழுதுக்கிட்டே இருப்பான், ஐயா” என்றார். வருகைப் பதிவேட்டையும் அவருடைய வேலை அட்டவணையையும் அருகருகே வைத்துப் பார்த்தோம். பையன் தூங்கி வழிந்த நாள்கள் எல்லாம் அம்மா இரவு வேலைக்குப் போன வாரங்களில் வந்தன.

நாங்கள் ஒழுங்கே இல்லை என்று நினைத்த இடத்தில் ஓர் ஒழுங்கு இருந்தது. எங்களுக்குத்தான் அது தெரியவில்லை. ‘இராட்டிக்லி’ என்ற சொல் பார்ப்பவருக்குப் பிடிபடாததைச் சொல்கிறது. ஒருவரின் குணத்துக்குத் தீர்ப்பு வழங்குவதில்லை.

ஆசிரியர்களே, அடுத்த முறை ஒரு பிள்ளையைப் பற்றி இச்சொல்லை எழுத நேர்ந்தால், கூடவே ஒரு வரி சேருங்கள்: எந்த நாளில் எப்படி இருந்தான் என்று. மாணவர்களே, தேர்வில் இச்சொல் வந்தால் முதலில் அருகிலுள்ள வினையைப் பாருங்கள், பிறகு பேனாவை எடுங்கள்.

மீண்டும் வேறொரு சொல்லோடு சந்திப்போம்.