எலியின் சிறுநீரகத்தில் ஒரு கேள்விக்குறி

அந்தமானின் ஜங்லிகாட் மீன்பிடித் துறைப் பக்கம் மழை நாளில் எலி ஓடுவதைப் பார்த்திருப்பீர்கள். 1980களின் இறுதியில் அந்தமானை மிரட்டிய ரத்தக்கசிவுக் காய்ச்சல், எலிக்காய்ச்சல்தான் என்று பின்னர் தெரியவந்தது. இதைக் கண்டறிந்த மருத்துவ ஆராய்ச்சி மையம் அந்தமானிலேயே, டாலிகஞ்சில் இருக்கிறது.

எலிக்காய்ச்சல் கிருமி எலியின் சிறுநீரகத்தில் குடியிருக்கும், எலிக்கோ பெரும்பாலும் ஒன்றும் ஆகாது. அதைக் கண்ணால் காண, திசுவை முதலில் ஃபார்மலினில் ஊறவைத்து அழுகாமல் நிறுத்துவார்கள். பிறகு ஆல்கஹாலில் நீரை அகற்றி, சைலீனில் தோய்த்து, உருகிய பாரஃபின் மெழுகில் பதிப்பார்கள். மெழுகு இறுகியதும் மைக்ரோடோம் என்னும் கருவி அதை 4, 5 மைக்ரான் தடிமனில் சீவும். வெங்காயத் தோலைவிட மெல்லிய சீவல் அது!

வழக்கமான ஹெமடாக்சிலின், ஈயோசின் சாயங்கள் செல்லின் கருவை நீலமாகவும் மற்றதை இளஞ்சிவப்பாகவும் காட்டும். ஆனால் இந்தக் கிருமி அதில் அகப்படாது, அவ்வளவு ஒல்லி. வெள்ளி உப்பு கொண்டு சாயமேற்றினால், மஞ்சள் பின்னணியில் கறுப்பு நூலாகத் தெரியும். 1907இல் அமெரிக்க மருத்துவர் ஸ்டிம்சன், மஞ்சள் காய்ச்சலில் இறந்ததாகக் கருதப்பட்ட ஒருவரின் சிறுநீரகத் திசுவில் இப்படித்தான் அதைப் பார்த்தார். நுனி வளைந்து கேள்விக்குறிபோல் இருந்ததால் 'இன்டராகன்ஸ்' என்று பெயர் வைத்தார்.

இந்தக் கிருமி எலியின் சிறுநீரோடு நீரில் கலந்து, புண் வழியே உடலுக்குள் நுழையும்; அதனால் காலில் புண் இருந்தால் தேங்கிய நீரில் வெறுங்காலோடு இறங்காதீர்கள். காய்ச்சலோடு கெண்டைக்கால் வலியும் வந்தால் உடனே மருத்துவமனைக்குப் போங்கள்.